மீதிப் பாதி மஞ்சள்

5

ஜாஹிதாவுக்கு அன்றைக்கு முதலில் குமட்டலைக் கொடுத்தவை ஆப்பிள்கள்.

ஒவ்வொரு பழத்திலும் ஸ்டிக்கர். ஸ்டிக்கர் வெளியே தெரியும்படி திருப்பித் திருப்பி அடுக்கிய கூடை. சுற்றிலும் ஜிகினாத் தாள். அதை மார்போடு அணைத்துக்கொண்டு, உக்கடத்தில் யூனுஸின் சைக்கிள் கடைக்குள் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார் சைக்கிள் கிளப் பயிற்சியாளர் பிரவின்குமார். கண்ணில் ஈரம் இருக்கிறதா என்று ஜாஹிதா உற்றுப் பார்த்தாள். கைக்குட்டையிலிருந்து செண்ட் வாசனைதான் வந்தது.

இளவேனில் தனக்குச் சொந்தப் பிள்ளை மாதிரி என்றார். அவளைப் பார்க்கத்தான் பெருந்துறைக்குப் போய்க்கொண்டிருப்பதாகவும், சாயங்காலத்துக்குள் தேர்வுக்குழுவின் காலில் விழுந்தாவது ஏதாவது செய்வதாகவும் சொன்னார். பிறகு யூனுஸின் பக்கம் திரும்பி, குரலில் தேனைத் தடவிக்கொண்டு, “பெரிய மனுசன் நீங்க. தப்பு நடந்துபோச்சுங்க. ஒத்துக்கிட்டா யாருங்க குறைச்சுப் பேசப்போறாங்க?” என்றார்.

மரியாதைக்குப் பேர்போன ஊர் இது. கழுத்தை அறுத்தாலும் ஒரு ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பார்கள்.

அவர் வேன் கிளம்பிப் போனதும் ஜாஹிதா மூக்கிலிருந்து துப்பட்டாவை எடுத்தாள். துப்பறியும் தொழிலில் பதினாலு வருஷம் ஆகியும் அவளுக்கு எதைக் கண்டாலும் குமட்டும். எச்சில் டம்ளர், எண்ணெய்க் கை, பொய்ப் பேச்சு, எல்லாமே. உதவிக்கு இருந்த வெங்கடலட்சுமி இதற்கு நேர் எதிர். அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளைக் குமட்ட வைக்கும் பொருள் இன்னும் உலகத்தில் உண்டாகவில்லை.

“அந்த ஆளோட அழுகைக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தணும் அம்மணி. ரொம்ப வறண்டு போயிருக்குது,” என்றாள் வெங்கடலட்சுமி.

யூனுஸ் அவளைக் கூப்பிட்ட விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை, பெருந்துறை தொழிற்பேட்டைச் சாலையில் மண்டல மகளிர் சைக்கிள் அணிக்குத் தேர்வு ஓட்டம். பதினேழு வயது இளவேனில் மூன்றாவது சுற்று வரைக்கும் முதலாவதாகப் போனாள். இரண்டு தடவை தாண்டிய வேகத்தடை மறுபடியும் வந்தது. முன்சக்கரம் தனியே கழன்று உருண்டது. அவள் தார் ரோட்டில் முகவாய் பட விழுந்தாள். ஏழு தையல். எலும்பு தப்பியது. இரண்டாவதாக வந்துகொண்டிருந்த ஹர்ஷா முதல் இடம் பிடித்தாள்.

அந்தச் சக்கரத்தை ஒரு வாரம் முன்னால் மாற்றி அமைத்துக் கொடுத்தவர் யூனுஸ். இரண்டு பக்கமும் நட்டு போட்டு முறுக்கும் பழைய ஏற்பாட்டை எடுத்துவிட்டு, ஒரு சின்ன லீவரை மடக்கினால் பிடித்துக்கொள்ளும், திறந்தால் சக்கரம் கையோடு வந்துவிடும் புது ஏற்பாட்டைப் போட்டிருந்தார். பஞ்சர் ஆனால் ஸ்பேனர் தேடவேண்டாம். பந்தயக்காரர்கள் எல்லோரும் வைத்துக்கொள்வதுதான்.

தேர்வுக்குழுவின் விதியை ஜாஹிதா வரிவரியாகப் படித்திருந்தாள். மெக்கானிக்கின் தவறால் வண்டி பழுதானால் அது ஓட்டியவளின் பொறுப்பு, வெளியேற வேண்டியதுதான். வேறு யாராவது வண்டியில் கைவைத்தது நிரூபணமானால் மட்டும் மறு ஓட்டம் உண்டு. பெயர்ப்பட்டியல் இன்று மாலை ஐந்து மணிக்கு வெளிவரும். அதற்குள் நிரூபிக்க முடிந்தால் இளவேனிலுக்கு இன்னொரு காலை கிடைக்கும். முடியாவிட்டால் பெருந்துறை மஞ்சள் குடோனில் அம்மா மாரியாத்தாளோடு அவளும் மூட்டை தைக்கப் போகவேண்டியதுதான். ப்ளஸ் டூ முடித்ததும் வேலைக்கு வரச்சொல்லி மேஸ்திரி ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார்.

பிரவின்குமார் கொண்டுவந்து போட்டிருந்த இளவேனிலின் சைக்கிள், கடையின் நடுவே கிடந்தது. யூனுஸ் அதன் முன்சக்கரத்தைத் தூக்கி ஜாஹிதாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். அறுபது வயது மனிதர். 

“இது என் அச்சு இல்லீங்கம்மா.”

நட்டு போடும் அச்சு கனமானது. சக்கரத்தைத் தாங்கும் கவைக்கு, அதாவது ஃபோர்க்குக்கு, வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். புது ஏற்பாட்டுக்கு நடுவில் துளையுள்ள அச்சு வேண்டும். அந்தத் துளை வழியாகத்தான் லீவரின் கம்பி போகும். ஆனால் இந்த அச்சு ஃபோர்க்கின் தகட்டைத் தாண்டி வெளியே வரக்கூடாது. ஒரு நூல் அளவு உள்ளே தள்ளி நிற்கவேண்டும். வெளியே நீட்டினால் லீவர் அச்சின் முனையைத்தான் நெருக்குமே தவிர ஃபோர்க்கைப் பிடிக்காது. கைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். நாலைந்து குலுக்கலில் வண்டி சக்கரத்தை விட்டுவிட்டு எழும்பிவிடும். இவ்வளவையும் யூனுஸ் விரலாலேயே காட்டிச் சொன்னார். இளவேனிலின் ஃபோர்க்கில் வைத்துப் பார்த்து, அச்சை அறுத்து, அரம் போட்டு முனையை மழித்ததாகவும் சொன்னார். இந்தச் சக்கரத்தின் அச்சோ தகட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. முனையில் அரம் பட்ட அடையாளமே இல்லை.

“சக்கரம் அவளுடையதுதானே?” என்றாள் ஜாஹிதா.

அவரால் சொல்ல முடியவில்லை. கிளப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே கம்பெனி ரிம், ஒரே ஸ்டிக்கர். மெக்கானிக் ‘இது என்னது இல்லை’ என்றால் எந்தக் குழு நம்பும்?

ஜாஹிதா குனிந்தாள். சங்கிலியின் கிரீஸ் நாற்றம் அடித்தது. துப்பட்டாவை மறுபடியும் மூக்கில் வைத்துக்கொண்டு, சக்கரம் வந்து உட்காரும் ஃபோர்க்கின் நுனியைப் பார்த்தாள். இடது நுனியில் மஞ்சள் தீற்றல் ஒன்று காய்ந்திருந்தது. கட்டைவிரல் அகலம். அதன் ஒரு ஓரம் விரல் இழுத்த மாதிரி மங்கியது. இன்னொரு ஓரம் கத்தியால் வெட்டின மாதிரி நேர்கோடு.

“லட்சுமிக்கா, இது பாதிதான்.”

வெங்கடலட்சுமி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். “ஆமா. மீதிப் பாதி எங்க போச்சு? மாத்திரையா, தண்ணி குடிச்சு முழுங்க?”

இளவேனிலுக்கு ஃபோன் போட்டார்கள். முகவாய்த் தையல் இழுத்ததால் வாயைத் திறக்க முடியாமல் முனகினாள். புதன்கிழமை ஆயுத பூஜைக்கு வீட்டில் சந்தனம் இல்லாததால், குடோனிலிருந்து கொண்டுவந்த மஞ்சளைக் குழைத்து அம்மாதான் வண்டிக்கு வைத்தாள். புது லீவர் அவளுக்கு அதிசயமாக இருந்ததால் அதன் மேலே தாராளமாக ஒரு இழுப்பு. மடக்கிய லீவர் ஃபோர்க்கோடு ஒட்டிக் கிடந்ததால் பாதி இதிலும் பாதி அதிலுமாக விழுந்தது. அதற்குப் பிறகு ஞாயிறு வரைக்கும் சக்கரத்தைக் கழற்றவே இல்லை என்றாள்.

இங்கே கிடந்த சக்கரத்தின் லீவர் பளபளவென்றிருந்தது. மஞ்சளின் வாடைகூட இல்லை.

ஞாயிறு காலையில் வண்டியைத் தனியே விட்டுவிட்டு எங்காவது போனாயா என்று ஜாஹிதா கேட்டதற்கு, இளவேனில் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னாள். ஆறு மணிக்கு ஹர்ஷாவின் முன்டயர் பஞ்சர் என்று பேச்சு வந்தது. பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போடப் பந்தலுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது எல்லா வண்டியும் வரிசையாகத் தயாராக நின்றன. உடனே விசில் ஊதிவிட்டார்கள்.

“அப்ப ஹர்ஷா எந்தச் சக்கரத்துல ஓட்டுனா கண்ணு?” என்று கேட்டாள் ஜாஹிதா.

வெங்கடலட்சுமி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

ஹர்ஷாவின் வீடு மதுக்கரையில். வெங்கடலட்சுமியின் ஸ்கூட்டர் அங்கே போய்ச் சேரும்போது மணி இரண்டரை. வாசல் குரோட்டன்ஸ் இலைகளில் சிமெண்ட் தூசி படிந்து சாம்பல் பூத்திருந்தது. கேட்டுக்கு மேலே ஹர்ஷாவின் படத்தோடு வாழ்த்துப் பேனர். பக்கத்தில் அதைவிடப் பெரிதாக அவள் அப்பா குழந்தைவேலின் படம். லாரி முதலாளி.

“ஏனுங்க, வாங்க வாங்க,” என்று அவர் வரவேற்ற விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்திரிகையிலிருந்து வந்திருப்பதாக அவர் நினைத்துக்கொண்டார். ஜாஹிதா அதைத் திருத்தவில்லை. ஒரு தட்டில் லட்டு வந்தது. லட்டில் குழந்தைவேலின் விரல் பதிந்த பள்ளம் இருந்தது. ஜாஹிதா தட்டைத் தொடவில்லை. வெங்கடலட்சுமி இரண்டாகப் பிட்டு இரண்டையும் தின்றாள்.

சைக்கிள் பூஜையறை வாசலிலேயே நின்றது. சம்பங்கி மாலை போட்டிருந்தார்கள். ஹேண்டில், சீட்டு, பெடல், பின்சக்கரம், எங்கும் ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும். முன்சக்கரத்தின் லீவரில் மட்டும் ஒன்றுமில்லை.

“இது ஒண்ணை மட்டும் சாமி கோவிச்சுக்கிட்டாருங்களா?” என்று வெங்கடலட்சுமி கேட்டாள். ஓட்டம் முடிந்து வந்ததும் அம்மாதான் துடைத்தாள் என்று கதவோரத்தில் நின்ற ஹர்ஷா மெல்லச் சொன்னாள். மஞ்சளாக ஏதோ அப்பியிருந்ததாம்.

வெங்கடலட்சுமி பெரிய ஏப்பம் ஒன்று விட்டாள். லட்டு நெஞ்சுக்குள் நிற்பதாகவும், ஒரு வெற்றிலை கிடைத்தால் தேவலை என்றும் சொன்னாள். வெற்றிலைத் தட்டு வந்தது. அவள் சுண்ணாம்பைத் தொட்டு, வெற்றிலையில் தடவாமல், ஹேண்டிலின் சந்தனப் பொட்டில் தடவினாள். பொட்டு அப்படியே இருந்தது. பிறகு மூட்டு வலிக்கிற மாதிரி முனகிக்கொண்டே கீழே உட்கார்ந்து, லீவரைத் திறந்து, துடைக்கிற துணி எட்டாத அதன் உள்குழிவில் விரலை வைத்துத் தேய்த்தாள்.

விரலை எடுத்தபோது லீவர் குழிவில் ரத்தச் சிவப்பு.

“மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவக்கும்னு தெரியாத வூடு உண்டுங்களா? ஆரத்தி கரைக்கிற ஊருதானே,” என்றாள்.

ஜாஹிதா தான் யாரென்று சொன்னாள். இந்தச் சக்கரம் யாருடையது என்றும் சொன்னாள். குழந்தைவேல் கத்துவார், வெளியே போகச் சொல்வார், வக்கீலைக் கூப்பிடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் அதெல்லாம் செய்யவில்லை. மிகவும் பணிவாகக் கேள்விகள் கேட்டார்.

“அந்தப் பெருந்துறைப் புள்ளைங்களா? அப்பா அம்மா என்ன பண்றாங்க?”

குடோன் கூலி என்று சொன்னாள்.

“சரிங்க. வூடு எந்தப் பக்கமுங்க? ஊருக்குள்ளயா, இல்ல…”

இந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று ஜாஹிதாவுக்குத் தெரியும். பிறந்து இந்த நாற்பது வருஷத்தில் வேறு வேறு வாய்களிலிருந்து கேட்டிருக்கிறாள்.  ஊருக்கு வெளியே என்று சொன்னாள்.

குழந்தைவேல் இரண்டடி பின்னால் நகர்ந்தார். சக்கரத்திலிருந்து. ஒரு பிள்ளை முகம் கிழிந்து கிடக்கிறாளே என்று கேட்கவில்லை. தன் மகள் அடுத்தவள் சக்கரத்தில் ஜெயித்தாளே என்றும் கேட்கவில்லை. மாலையைக் கழற்றச் சொல்லி மனைவியிடம் குரல் கொடுத்தார். தண்ணீரும் மஞ்சளும் கொண்டுவந்து வாசல் தெளிக்கச் சொன்னார். இரண்டு நாளாகப் பூஜையறை முன்னால் நின்றதே என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

“நான் எடுக்கலீங்க. எனக்குத் தெரியவே தெரியாது. தயவுசெஞ்சு கொண்டுபோயிருங்க.”

“கொண்டுபோறோம். ஆனா உங்க வண்டியிலிருந்துதான் எடுத்தோம்னு எழுத்து வேணுமே.”

அவர் ஓடிப்போய்த் தன் கம்பெனி லெட்டர்பேடைக் கொண்டுவந்தார். ‘என் மகள் ஹர்ஷாவின் சைக்கிளில் ஞாயிற்றுக்கிழமை மாட்டப்பட்ட முன்சக்கரம் எங்களுடையது அல்ல. அதற்கும் எங்கள் குடும்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். ஒரு வக்கீலை வைத்துக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு கிடைத்திருக்காது. அருவருப்பு எழுதிக் கொடுத்தது.

அந்த வீட்டில் சக்கரத்தைத் தொட யாரும் முன்வரவில்லை. வெங்கடலட்சுமிதான் கழற்றினாள். “முப்பது வருஷம் ஒவ்வொருத்தர் பீ மூத்திரத்தையும் அள்ளுனவ நானு. எல்லா ஊட்டுக்காரங்களோடதும் ஒரே நாத்தந்தானுங்க,” என்று குழந்தைவேலின் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னாள்.

கேட் வரைக்கும் ஹர்ஷா பின்னாலேயே வந்தாள். யார் மாட்டிக் கொடுத்தது என்று ஜாஹிதா கேட்டாள்.

“பிரவின் சார்தான். வேன்ல இருந்த ஸ்பேர்னு சொன்னாரு.” சொல்லிவிட்டு அவள் சக்கரத்தையே பார்த்தாள். “நல்லா ஓடுச்சுங்கக்கா. என்னோடதவிட நல்லா ஓடுச்சு.”

ஜாஹிதா யூனுஸை ஃபோனில் கூப்பிட்டாள். இளவேனிலின் சைக்கிளையும், கழன்ற சக்கரத்தையும் தூக்கிக்கொண்டு உடனே ரேஸ் கோர்ஸ் பக்கமுள்ள தேர்வுக்குழு அலுவலகத்துக்கு வரச் சொன்னாள். 

தான் ஏற்கெனவே அங்கேதான் இருப்பதாக அவர் சொன்னார். பிரவின் சார் வேனை அனுப்பி வண்டியோடு கூட்டிவந்துவிட்டாராம். “கையெழுத்துப் போட்டுட்டேம்மா. என் வேலைதான் சரியில்லைனு. மெக்கானிக் ஒத்துக்கிட்டா புள்ளைக்கு மறு ஓட்டம் கிடைச்சுரும்னு சார் சொன்னாரு. காயிதம் இங்கிலீஷ்ல இருந்துச்சு. போனாப் போகுது, என் பேருதானேனு…”

ஜாஹிதா ஸ்கூட்டரில் ஏறுவதற்கு முன் சாலையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். லட்டு இல்லை. வெறும் பித்தநீர்தான். வெங்கடலட்சுமி அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, “கக்கி முடிச்சுரு அம்மணி. நாலு மணி ஆகுது,” என்றாள்.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது அலுவலகச் சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பது. தேர்வுக்குழுச் செயலாளர் அங்கப்பன் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்திருந்தார். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். எதிர் நாற்காலியில் பிரவின்குமார். சுவரோரம் யூனுஸும் இளவேனிலின் சைக்கிளும். பெஞ்சில், பிரவின்குமார் பெருந்துறையிலிருந்து கூட்டிவந்திருந்த இளவேனில், முகவாயில் பிளாஸ்திரியோடு. அவள் மடியில் அந்த ஆப்பிள் கூடை.

ஜாஹிதா சுற்றி வளைக்கவில்லை. யூனுஸிடம் துளை அச்சு எத்தனை வாங்கினீர்கள் என்று கேட்டாள். இரண்டு என்றார். ஒன்று இளவேனிலுக்கு. இன்னொன்று?

யூனுஸ் மெதுவாகப் பிரவின்குமாரைத் திரும்பிப் பார்த்தார். “சார் வாங்கிட்டுப் போனாரு. வேன்ல இருக்கற ஸ்பேர் சக்கரத்துக்கு அவரே போட்டுக்கறேன்னாரு. ஃபோர்க்குல வெச்சுப் பார்த்து அறுக்கணுமுங்க சார்னு சொன்னேன். எனக்கே பாடமானு சிரிச்சாரு.”

கழன்ற சக்கரத்தின் நீட்டிக்கொண்டிருந்த அச்சு முனையை ஜாஹிதா அங்கப்பனுக்குக் காட்டினாள். வெங்கடலட்சுமி மதுக்கரைச் சக்கரத்தை இளவேனிலின் ஃபோர்க்கில் நுழைத்து லீவரை மடக்கினாள். ஃபோர்க்கில் இருந்த நேர்கோட்டுக்கு அந்த லீவரின் ஓரம் அப்படியே பொருந்தியது. வெற்றிலையில் மடித்துக் கொண்டுவந்த சுண்ணாம்பை விரலில் எடுத்து ஃபோர்க்கைத் தொட்டாள். இந்தப் பாதியும் சிவந்தது. குழந்தைவேலின் கடிதத்தை அங்கப்பன் இரண்டு தடவை படித்தார்.

பிரவின்குமார் மறுக்கவில்லை. அதுதான் ஜாஹிதாவை எல்லாவற்றையும்விடக் கூசவைத்தது. அவர் லேசாகச் சிரித்தார்.

“டயர் மாத்த நேரமில்லீங்க சார். அச்சு நீளமா இருந்தது எனக்கே தெரியாது. கழலும்னு நினைக்கலீங்க. ஸ்பேர் லேசா ஆடுச்சு, அதனால அதை இவளுக்குப் போட்டு, இவளோடதை ஹர்ஷாவுக்குப் போட்டேன்.”

இளவேனிலைக் கேட்டாயா என்றார் அங்கப்பன்.

“கேக்கறதுக்கு என்னங்க சார் இருக்குது? இந்தப் புள்ளைதானுங்களே.”

 அங்கப்பன் பட்டியலை இரண்டாகக் கிழித்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை இளவேனிலுக்கு மறு ஓட்டம் என்று வெள்ளைத் தாளில் எழுதினார். எழுதிக்கொண்டே, பிரவினைப் பற்றி வெளியே பேசவேண்டாம், குழுவுக்குள் விசாரித்துக்கொள்கிறோம், எல்லோரும் நமக்கு வேண்டியவர்கள் என்று ஆரம்பித்தார். ஜாஹிதா வாயைத் திறப்பதற்குள் இளவேனில் எழுந்தாள்.

ஆப்பிள் கூடையைப் பிரவின்குமாரின் மடியில் வைத்தாள். சைக்கிளுக்குப் போய், வெங்கடலட்சுமி மடக்கிய லீவரைத் திறந்து, சக்கரத்தை நேராக உட்காரவைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தானே மடக்கினாள். வண்டியை ஒருமுறை தூக்கித் தரையில் போட்டுப் பார்த்தாள். பிறகு அங்கப்பனிடம் வந்தாள். தையல் இழுத்ததால் வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது.

“நான் தனியா ஓட்டமாட்டேனுங்க சார். ஹர்ஷாவும் வரணும். அவளோட சக்கரத்துல. ஏன் மறுபடியும் ஓடறோம்னு அதுலயே எழுதுங்க. பிரவின் சார் பேரோட.”

அங்கப்பன் பேனாவைக் கீழே வைத்தார். மணி நாலு ஐம்பத்தெட்டு. வெளியே பட்டியலுக்காகக் காத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். இளவேனில் நகரவில்லை.

அவர் பேனாவை மறுபடியும் எடுத்து, தலையைக் குனிந்துகொண்டு, பிரவின்குமாரின் இனிஷியல் என்ன என்று கேட்டார்.